கோடையில் குடிநீரும் பாலும்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் வயிற்றுப்போக்கு, வாந்தி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை ஆகிய நோய்களால் துன்புறுவோர் தொகை கூடுவது நாம் ஆண்டுதோறும் காண்பதொன்று. "எல்லாம் கத்திரி வெயிலின் சூடு" என்று பெரியோர் கூறுவர். வெயில் உடலை வாட்டுமேயன்றி வயிற்றில் கிருமியை உண்டாக்காது. கிருமி வாய் வழியாகவே உட்செல்கிறது. அதனைப் பெரும்பாலும் ஏந்திச் செல்வன நாம் பருகும் நீரும் பாலுமேயாம். வெயில் செய்வது, அக்கிருமிகளுக்கு வழியைத் திறந்து விடுவதுதான். அது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், தடுக்கும் முறை தானே விளங்கும்.

உழவர்கரைப் பகுதியினருக்குக் குடிநீர் பற்றி எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. புதுவை நகருக்கே நீர் தந்த முத்திரைப்பாளையம் இங்குதான் உள்ளது. அரசன் ஒருவன் கோயிலென்று எண்ணி வணங்கிய மாளிகை ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்றறிந்து சினந்து, அதனை இடிக்க ஆணையிட்டான் என்றும், ஆயி தாமே அதனை இடித்து அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினார் என்றும் வழங்கும் கதையை அறியாதார் இலர். பிரான்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், முத்திரைப்பாளையத்து நீர் கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே இன்று பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம். அக்காலப் பொறியாளர் நல்ல ஊற்றைத் தேடியதோடு நில்லாமல், நீர் வரும் வழியையும் அமைத்தனர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். ஊற்று எத்துணைத் தூயதாயினும் வழி கெட்டால் நீர் கெடும்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. நமது ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா எனக் கண்டறியப்பட்டு, ஜூலை 3 ஆம் நாள் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன. உணவகங்களில் கொதிக்க வைத்த நீரையே தர வேண்டுமென ஆணை பிறந்தது. நீர்த் தொட்டிகளைத் துப்புரவு செய்து குளோரின் இடுவதும், குழாய்க் கசிவுகளைத் தேடி அடைப்பதும் அங்கு முதற்பணிகளாயின. காலரா நம் பாட்டனார் காலத்து நோய் என்று எண்ணியிருந்தோர் பலர்க்கு அது பெரும் வியப்பாயிற்று. கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே அக்கிருமியை இராபர்ட் கோக் 1884 இல் கண்டார். அதன்பின் நூற்றாண்டு கடந்தும் அதன் வழி மாறவில்லை.

மண்ணுக்குள் புதைந்த குழாயில் கழிவுநீர் எவ்வாறு புகும் என்று பலர் வினவுகின்றனர். குழாயில் நீர் அழுத்தத்துடன் ஓடுங்கால், சிறு விரிசல் இருப்பினும் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளிநீர் உள்ளே வராது. நீர் நின்றதும் நிலைமை தலைகீழாகிறது. கோடையில் நிலத்தடி நீர் தாழ்ந்து, நீர் விடும் நேரமும் குறைகிறது. குழாய் நெடுநேரம் வெறுமையாய்க் கிடக்கிறது. அப்போது அருகிலுள்ள சாக்கடையின் நீர் விரிசல் வழியே உள்ளே இறங்கிவிடும். இந்நிலையில் சிலர் வீட்டு இணைப்பிலேயே மின்மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுகின்றனர். மோட்டார் குடிநீரை மட்டுமா இழுக்கும்? தெருவில் உள்ள ஒவ்வொரு விரிசலிலிருந்தும் கழிவையும் சேர்த்தே இழுக்கும். அவ்வாறு இழுத்த நீர் மோட்டார் வைத்தவர் வீட்டுக்கு மட்டுமன்றி அண்டை வீடுகளுக்கும் செல்கிறது. இதனை நீர்த் திருட்டு என்று மட்டும் கருதித் தண்டம் விதிப்பது போதாதென்பது என் கருத்து. தெரு முழுவதற்கும் நோயை அழைப்பது அது. நீர் எட்டவில்லையென்று வாசலில் பள்ளம் தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்பதும் இத்தகையதே. பள்ளத்தில் தேங்கிய அழுக்கு நீரில் குழாயின் வாய் மூழ்கிக் கிடந்தால், நீர் நின்றவுடன் அவ்வழுக்கு குழாய்க்குள் போகும்.

நீர் வந்தவுடன் முதலில் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்நீரைச் செடிக்கு ஊற்றுக. நிறமோ நாற்றமோ வேறுபட்டால் அன்றே அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று நம்புவதும் தவறு. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. ஆயினும் அது சேற்றை அடியில் இறக்குமேயன்றிக் கிருமிகளை முற்றிலும் அழிக்காது.

கிணற்று நீரை இன்றும் பயன்படுத்துவோர் வெளுப்புத் தூள் இடும் முறையை அறிந்திருத்தல் நலம். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் என்று கொள்வோம். விட்டத்தை விட்டத்தாலும், பின் ஆழத்தாலும், 3.14 ஆலும் பெருக்கி 4 ஆல் வகுத்தால் 12.56 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 12,560 லிட்டர் வரும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 32 கிராம் தூள் போதும். தூளை நேரே கிணற்றில் கொட்டலாகாது. வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலுள்ள தெளிநீரை மட்டும் வேறொரு வாளியில் இறுத்துக் கிணற்றுள் இறக்கி, நீருக்கு அடியில் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். இரவில் இட்டு விடியலில் இறைப்பது மிகவும் நன்று. திறந்து கிடந்த பழைய தூளில் வீரியம் இராது.

வீட்டில் நீரைக் கொதிக்க வைப்பதே எளிய வழி. நீர் நன்றாகத் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தால் போதும். ஆயின், கொதித்து ஆறிய நீரை வாயகன்ற பானையில் ஊற்றி, வருவோர் போவோரெல்லாம் விரல் நனையச் செம்பால் மொண்டால் விறகும் வாயுவும் வீணே. குழாய் வைத்த மண்பானையோ, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ வேண்டும். கேன் நீர் வாங்குவோருக்கும் ஒரு சொல்: சவ்வு வழியே வடித்த நீரில் குளோரின் எஞ்சியிராது. ஆதலின் கழுவாத கேனில் அதனைப் பிடித்தால் காக்கும் பொருள் ஏதுமின்றி விரைவில் மாசுறும்.

இனி, பால். நீரில் கிருமி பிழைத்திருக்கும், பாலிலோ பெருகும். நல்ல வெம்மையில் சில கிருமிகள் 20 நிமிடத்திற்கொருமுறை இரட்டிக்கின்றன. அக்கணக்கில் காலை 6 மணிக்கு ஒன்றாக இருந்தது 10 மணிக்கு 4,096 ஆகும். கறக்கும் போதும் கொண்டு செல்லும் போதும் புகும் சிறு மாசு எத்துணைப் பெரிதாகின்றது என்பதை இதனால் உணரலாம்.

கறக்குமுன் மடியைத் தூய நீரால் கழுவித் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, முதற் சில பீர்களை வேறாகக் கறந்து நீக்குதல் வேண்டும். மடிநோய் கண்ட பசுவின் பாலைக் கலக்கலாகாது. வாய் குறுகிய பிளாஸ்டிக் கலங்களில் கை நுழையாது. ஆதலின் உட்புறம் தேய்க்கவும் இயலாது. வாயகன்ற எவர்சில்வர் கேனைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி வெயிலில் கவிழ்ப்பதே முறை. பால் தளும்பாமலிருக்கக் கேனின் வாயில் வைக்கோல் அடைக்கும் பழக்கம் இன்னும் எங்கேனும் இருப்பின் விட்டொழிக்க. பாலில் நீர் கலந்தால் நாம் கெட்டித்தன்மை குறைந்ததென்று சண்டையிடுகிறோம். கலந்த நீர் எந்தக் குட்டையினது என்று கேட்பாரில்லை. கேட்க வேண்டுவது அதுவே.

"கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் பலம்" என்ற நம்பிக்கையும் உண்டு. பச்சைப்பால் வழியே காசநோயும், பசுவில் கன்று வீச்சை உண்டாக்கி மனிதருக்கு நீண்ட காய்ச்சலைத் தரும் புருசெல்லா நோயும் பரவக்கூடும். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மது கெடாதிருக்கக் கண்ட அளவாகச் சூடேற்றும் முறையே பின்னர் பாலுக்கும் வந்தது. பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 விநாடியோ வைத்து உடனே குளிர்விப்பது இம்முறை. குருமாம்பேட் பாண்லே போன்ற கூட்டுறவுப் பண்ணைகளின் உறைப்பால் அவ்வாறு பதப்படுத்தியதே. எனினும் கடை வாசலில் வெயில் ஏறும் வரை பெட்டியில் கிடந்த உறையைக் காய்ச்சாமல் பருகுவது தகாது. உறையைக் கழுவிய பின்னரே வெட்டுக.

பால் பொங்கியவுடன் இறக்கிவிடுவது நம் வழக்கம். பொங்கும்போது நெருப்பைத் தணித்துத் துழாவி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து விரைவில் ஆற்றி மூடுக. குளிர்ப்பெட்டி இல்லாதோர் நான்கு மணி நேரத்திற்கொருமுறை மீண்டும் காய்ச்சுதல் வேண்டும். காலைப் பாலோடு மாலைப் பாலைச் சேர்க்க வேண்டாம்.

மோரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அதில் ஊற்றும் நீரையும் பனிக்கட்டியையும் பற்றியே அஞ்ச வேண்டும். குளிரில் கிருமி உறங்குமேயன்றிச் சாகாது. மீன் பதப்படுத்தச் செய்யும் கட்டியை உடைத்துக் கரும்புச் சாற்றில் இடுவதைச் சந்தைகளில் கண்டால் ஊராட்சியினர் வாளாவிருத்தல் கூடாது.

இவ்வளவு காப்பிருந்தும் குழந்தைக்குப் போக்கு கண்டால், உயிரைப் பறிப்பது நீரிழப்பே. "போகிறபோது நீர் கொடுக்காதே" என்ற பழைய அறிவுரை மிகக் கொடியது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்கிற்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறிது சிறிதாகப் புகட்டுக. அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இதனினும் சிறந்தது. துத்தநாக மாத்திரையையும் கேட்டுப் பெறுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. வங்கதேசப் போரின்போது, 1971 இல், எல்லையிலிருந்த வனகாவ் ஏதிலியர் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே எண்ணற்ற காலரா நோயாளரைக் காத்தார். கண்கள் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் நின்று, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, கரைசலைப் புகட்டியவாறே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நாளில் போக்கு கண்டால், அச்செய்தி சுகாதாரப் பணியாளருக்கு அன்று மாலைக்குள் எட்ட வேண்டும். குழாயின் எப்பகுதியைத் தோண்டிப் பார்ப்பது என்பதை அவர்கள் அதைக் கொண்டே அறிவர்.