வட்ஸ்அப்பில் கொடுத்த கடன் வழக்கில் நிற்குமா?

புறக்கோட்டையில் இப்போது ஓடர் எடுப்பதற்குக் கொப்பியும் பேனையும் தேவைப்படுவதில்லை. அக்குறணையிலோ காத்தான்குடியிலோ புத்தளத்திலோ இருக்கும் கடைக்காரர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைப் போட்டு, "நானா, இதில் இருபது டசின்" என்று எழுதினால் போதும், மாலைக்குள் சரக்கு லொறியில் ஏறிவிடுகிறது. பணம் எப்போது என்பதும் அதே திரையில்தான் பேசி முடிக்கப்படுகிறது. பணம் வராதபோதுதான் பிரச்சினை. "எழுத்தில் ஒன்றுமில்லையே, என்ன செய்வது?" என்று கைவிடுவோர் ஒரு புறம். "எல்லாம் போனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று நிம்மதியாக இருப்போர் மறுபுறம். இரு சாராரும் சட்டத்தைச் சரியாக அறியவில்லை.

முதல் சாராருக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் 2007 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2017இல் 25ஆம் இலக்கச் சட்டத்தினால் திருத்தப்பட்டது. இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட வலுவை மறுக்க முடியாது என்பதே இச்சட்டத்தின் அடிப்படை. மின்னஞ்சலிலும் குறுந்தகவலிலும் செய்துகொண்ட உடன்பாடும் உடன்பாடுதான். அது மட்டுமல்ல, மறுதலை நிரூபிக்கப்படாத வரை அத்தகவலில் உள்ளது உண்மை என்றும், யார் அனுப்பியதாகத் தோன்றுகிறதோ அவரே அதை அனுப்பினார் என்றும் நீதிமன்றம் ஊகிக்க வேண்டும். "அது என் மகன் போட்டது" என்று எதிராளி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் காணி விற்பனை, மரண சாசனம், அற்றோர்னி தத்துவம் போன்றவை இச்சட்டத்துக்குள் வரமாட்டா. "காணியைத் தருகிறேன்" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி முற்பணம் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் சாராருக்குத்தான் எச்சரிக்கை. இதற்கு முன்பே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒன்று உண்டு. ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, கணினியில் இருந்து எடுத்த பதிவு ஆகியவற்றை வழக்கில் முன்வைப்பதற்கு அது வழி திறந்தது. ஆனால் விசாரணைக்குக் குறித்த திகதிக்கு ஆகக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்னர், எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்து, முன்வைக்கப் போகும் சான்றுகளின் பட்டியலையும் பிரதியையும் நீதிமன்றத்தில் கோவைப்படுத்த வேண்டும். அறிவித்தல் கிடைத்த 15 நாட்களுக்குள் எதிர்த்தரப்பு அச்சான்றையும் அது பதிவான கருவியையும் பார்வையிடக் கேட்கலாம். கணினிச் சான்றாயின் அக்கருவிக்குப் பொறுப்பானவரின் சத்தியக் கடதாசியும் வேண்டும்.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஆவணங்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்புடையதல்ல என்று பிந்திய சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியாயின் 45 நாள் விதி வியாபாரிக்கு ஏன் என்று கேட்கலாம். உங்கள் சான்று எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பதே விசாரணை மேடையில் ஒரு வாதமாகக் கிளம்பக்கூடும். அந்த வாதத்தில் வென்று காட்டுவதை விட, 45 நாட்களுக்கு முன்னரே பட்டியலைக் கொடுத்துவிடுவது மலிவு. இது என் அபிப்பிராயம். உங்கள் சட்டத்தரணியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியைப் பார்வையிடக் கேட்கலாம் என்றேன் அல்லவா? பலர் சறுக்குவது அங்கேதான். எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவர், கடனாளியின் செய்திகளை எல்லாம் படமாகப் பிடித்து மகனின் போனுக்கு அனுப்பிவிட்டு, பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கினார். அவரிடம் இப்போது படங்கள் இருக்கின்றன. அனுப்பியவர் யார், எந்தத் திகதி, எத்தனை மணி என்ற விபரங்களோடு கூடிய மூலச் செய்தி இல்லை. தகவல் மாறாமல் இருந்தது என்பதற்கு நம்பத்தகுந்த உத்தரவாதம் வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. படத்தை எவரும் திருத்தலாம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். தகராறு தொடங்கிவிட்டதென்றால் அந்தப் போனை விற்காதீர்கள், பழுதுபார்க்கும் கடையில் விட்டுச் செல்லாதீர்கள், உரையாடலில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமான வரியாக இருந்தாலும் சரி.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதற்கு இலத்திரனியலோடு சம்பந்தமில்லை. வழக்குத் தொடுக்க வேண்டிய கால எல்லைகளை விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்று ஒப்படைத்த சரக்கின் பணத்துக்கும் கடைப் பற்றுக்கும் தவணை வந்த நாளில் இருந்து ஒரே ஒரு வருடம்தான். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுத்தில் இல்லாததற்கு மூன்று வருடம் என்பதைக் கேள்விப்பட்டு, தமக்கும் அவ்வளவு காலம் இருப்பதாக நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். "பெருநாள் முடியட்டும்", "சீசன் முடியட்டும்" என்று முகத்துக்காகப் பொறுத்திருக்கும்போது வருடம் ஓடிவிடுகிறது. கடனைத் தானே ஏற்றுக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் கிடைத்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். போனில் வரும் "சரி, தாரேன்" கையொப்பத்துக்குச் சமமா என்று பின்னர் வாதாடிக்கொண்டிருப்பதை விட, கடை முத்திரையோடு ஒரு வரி நிலுவைக் கடிதத்தை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. உறவு முறியும் என்று அஞ்ச வேண்டாம். கொடுக்க நினைப்பவர் எழுதித் தருவார்.

இன்னொரு சில்லறை விடயம், ஆனால் செலவு வைக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கேடு பெரும்பாலும் கடதாசிதான். செய்திகளை அச்சிட்டு, குரல் பதிவை எழுத்தாக்கித்தான் கொடுக்க வேண்டிவரும். வழக்கு சிங்களத்தில் நடக்கும் இடத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும் தேவை. "பாக்கிய பாத்துப் போடுறன் காக்கா" என்ற வரியில் எவ்வளவு பாக்கி, எப்போது போடுவார் என்று அந்த மனிதர் எப்படி மொழிபெயர்ப்பார்? அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், "மார்ச் 12ஆம் திகதி பில்லுக்குரிய 185,000 ரூபாவைத்தானே சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டு, அவர் "ஓம்" என்று எழுதும்வரை விடாதீர்கள்.