சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

வாடகைக்கு வீடு தேடி அலுத்தவர்களுக்கு, வீட்டையே ஓட்டிக்கொண்டு போகும் சங்கதி வேடிக்கையாக இருக்கும். அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, ஐஸ்பெட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. 'மோட்டார் ஹோம்' என்று பெயர். இவை தங்குவதற்கென்றே நாடெங்கும் முகாம் மைதானங்கள் இருக்கின்றன.

பணக்காரர்களின் உல்லாசம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் கதை பிறகு.

கட்டை, ஆப்பு, குழாய்

மைதானத்தில் பெயரைப் பதிந்ததும் இடத்துக்கு நம்பர் கொடுக்கிறார்கள். பல இடங்களில் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் நின்று கைகாட்டுவார். ரயில்வே யார்டில் ஷண்டிங் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கிறார்கள். நிம்மதியாகத் தூங்குவதற்காக மட்டும் அல்ல. காஸில் ஓடும் ஐஸ்பெட்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, கெட்டும் போகும். மட்டம் சரியானதும் சக்கரம் உருளாதபடி ஆப்பு வைக்கிறார்கள்.

கம்பத்தில் 30 அல்லது 50 ஆம்பியர் மின்சாரம் கிடைக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். தண்ணீர்க் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு கருவியை மாட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வண்டிக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் வெடிக்கக்கூடும்.

கக்கூஸ் விஷயத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மலத்துக்கு ஒரு தொட்டி, குளித்த தண்ணீருக்கு இன்னொரு தொட்டி. வெளியே குழாய் மாட்டியாயிற்றே என்று மலத்தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால், தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது அடியில் இறுகிப்போகும். முக்கால் தொட்டி நிரம்பும்வரை மூடிவைத்திருந்து, முதலில் மலத்தொட்டியையும் அப்புறம் சோப்புத் தண்ணீரையும் திறந்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும்.

வீடு போனவர்கள்

2008-ம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வேலையும் வீடும் இழந்த பலர் வேன்களில் குடியேறினார்கள். அறுபது வயது தாண்டியவர்களும் இவர்களில் உண்டு. ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017-ல் இவர்களைப் பற்றி 'நோமாட்லாண்ட்' என்ற புத்தகம் எழுதினார். அதைத் தழுவிய படம் 2021-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

வேலை இருக்கும் இடத்துக்கு வீடும் போகிறது. அக்டோபரில் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா பகுதியில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. கோடையில் காட்டு முகாம்களில் பொறுப்பாளர் வேலை. கக்கூஸ் கழுவுவதும் அதில் அடக்கம். கரும்பு வெட்டுக்கு மாட்டுவண்டியில் குடும்பத்தோடு போகும் பீட் மாவட்டத்துக் கூலிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வண்டிதான் வேறு.

குளிர்காலத்தில் இவர்களில் பலர் அரிசோனா மாநிலத்திலுள்ள குவார்ட்சைட் என்ற பாலைவன ஊரில் கூடுகிறார்கள். பக்கத்திலுள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர் கட்டணம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. ஏழு மாதத்துக்கு! நம் ஊர் நகரங்களில் ஒரு மாத வாடகையை நினைத்துப் பார்த்தால் மலிவுதான். ஆனால் இடத்துக்கு இடம் மின்கம்பமோ குழாயோ கிடையாது. கூரையில் சூரியசக்தித் தகடு போட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் பிடிக்கவும் தொட்டியைக் காலி செய்யவும் பொது இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நமக்கு ரேஷன் கார்டு என்றால் அவர்களுக்கு டிரைவிங் லைசென்சு. விலாசம் இல்லாமல் அது கிடைக்காது. தெற்கு டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டி, கடிதம் வாங்கிக்கொள்ள ஓர் இடமும் ஏற்பாடு செய்துகொண்டு லைசென்சு எடுத்தவர்கள் ஏராளம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

குவார்ட்சைட் கல்லறைத் தோட்டத்தில் உச்சியில் ஒட்டகச் சிலையுடன் ஒரு கற்கூம்பு நிற்கிறது. 1856-ல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒட்டகம் ஓட்டக் கீழைநாட்டிலிருந்து வந்த ஹாஜி அலி என்ற தொழிலாளியின் கல்லறை அது. பெயர் வாயில் நுழையாமல் அவரை 'ஹை ஜாலி' என்றே அழைத்தார்கள். 1902-ல் இறந்தார். நினைவுச்சின்னம் 1935-ல் எழுந்தது.

ஏப்ரல் நெருங்கியதும் வெயில் ஏறுகிறது. கட்டையை உருவி, ஆப்பை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, வடக்கே வேலை கிடைத்தவர்கள் முதலில் கிளம்புகிறார்கள்.