ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வாங்குமுன் லோடு கொடுத்துப் பாருங்கள்

மின்சாரம் போனால் வியாபாரம் நிற்கும் என்பது புளியந்தோப்பு, பேசின் பாலம், வியாசர்பாடி வட்டார வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012-இல் சென்னையில் தினம் 2 மணி நேர மின்வெட்டைச் சமாளித்தோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் தேங்கிய தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இறைச்சி, மீன், பால், ஐஸ்கிரீம் வைத்திருப்பவருக்கு ஒரு இரவு ஃப்ரீசர் நின்றாலே ஒரு மாத லாபம் போய்விடும்.

ஆகவே நம்மில் பலர் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வாங்கியிருக்கிறோம். அதிலும் பழைய ஜெனரேட்டர் வாங்குவோர் அதிகம். விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டுகிறார், இன்ஜின் ஓடுகிறது, மீட்டர் 230 வோல்ட் காட்டுகிறது, ஒரு பல்பு எரிகிறது. பணத்தைக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுகிறோம். இந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பத்து டன் ஏற்றலாம் என்று நம்புவதைப் போன்றதுதான் இது.

ரயில்வே டீசல் ஷெட்களில் பழுது பார்த்த இன்ஜினை அப்படியே ரயிலில் மாட்டுவதில்லை. ‘லோடு பாக்ஸ்’ என்னும் பெரிய மின்தடைச் சாதனத்தோடு இணைத்து, நின்ற இடத்திலேயே முழுச் சக்தியையும் வெளியிட வைத்துப் பார்க்கிறார்கள். உற்பத்தியாகும் மின்சாரம் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். இப்படி வேலை எதுவும் செய்யாமல் சுமை மட்டும் கொடுக்கும் சாதனத்துக்கு ‘டம்மி லோடு’ என்று பெயர். தொழிற்சாலைகளுக்கென்று செய்த லோடு பேங்க் விலை அதிகம். நம் தேவைக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாட்டர் ஹீட்டர் ராடுகளே போதும்.

எவ்வளவு லோடு வேண்டும்?

பெயர்ப் பலகையில் இருப்பது கே.வி.ஏ.; நமக்கு வேண்டியது கிலோவாட். பொதுவாக ஜெனரேட்டருக்கு 0.8 ஆல் பெருக்க வேண்டும். 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட், 15 கே.வி.ஏ. மூன்று பேஸ் என்றால் 12 கிலோவாட், அதாவது பேஸுக்கு 4 கிலோவாட்.

1000 வாட் ராடு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். எனவே 15 கே.வி.ஏ. செட்டுக்குப் பேஸுக்கு 4 வீதம் 12 ராடுகள் தேவை. பேஸுக்கு 17 ஆம்பியருக்கு மேல் ஓடும் என்பதால் மெல்லிய ஒயர் உதவாது. ஒவ்வொரு ராடுக்கும் தனி சுவிட்சும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் வைத்து, பேஸ் ஒன்றுக்கு ஒரு பலகை தயார் செய்ய வேண்டும். ஒவ்வொரு பேஸுக்கும் தகுந்த பிரேக்கரும் வேண்டும்.

ராடுகளை எதில் வைப்பது? எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 200 லிட்டர் டிரம். ஆனால் ராடு மேல்பகுதியில் மட்டுமே மூழ்கும். சூடான தண்ணீர் மேலேயே நிற்கும். அடித்தண்ணீர் சூடாகுமுன் மேலே கொதித்துவிடும். சமையல் பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும் அகலமான அண்டாவே நல்லது. பேஸுக்கு ஒன்றாக மூன்று அண்டா, ஒவ்வொன்றிலும் 60 லிட்டர் தண்ணீர். வாய்க்குக் குறுக்கே மரப்பலகை வைத்து, ஒன்றோடொன்று படாமல் ராடுகளைத் தொங்கவிடலாம். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் இளகிவிடும்.

சோதிக்கும் முறை

முதலில் லோடு இல்லாமல் 5 நிமிடம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். பிறகு பேஸுக்கு ஒரு ராடு வீதம் போட்டு 10 நிமிடம், இரண்டு வீதம் 10 நிமிடம், மூன்று வீதம் 10 நிமிடம், கடைசியாக நான்கும் போட்டு அரை மணி நேரம். மொத்தம் 9 யூனிட் மின்சாரம் செலவாகும். 30 டிகிரியில் இருந்த 180 லிட்டர் தண்ணீர் இதில் சுமார் 73 டிகிரிக்கு ஏறும், கொதிக்காது. அதற்கு முன்பே எங்காவது கொதிக்கத் தொடங்கினால் லோடை நிறுத்திவிட வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பியருக்கு டாங் டெஸ்டர் அவசியம். ராடுகளை எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. வோல்ட் 230-இலிருந்து 200-க்கு விழுந்தால் 1000 வாட் ராடு சுமார் 756 வாட்தான் இழுக்கும். செட் இளைத்துப்போய் வோல்ட்டைக் குறைத்துக்கொண்டு, முழு லோடைத் தாங்குவதுபோல் நடிக்க இதுவே வழி.

சாதாரண கவர்னர் உள்ள இன்ஜின் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அருகிலும், முழு லோடில் 50 அருகிலும் ஓட வேண்டும். லோடு போட்டதும் தடுமாறி மீளாமல் இறங்கினாலோ, அரை மணி முடிவதற்குள் கரும்புகை தொடர்ந்து வந்தாலோ, ஆயில் பிரஷர் விழுந்தாலோ, தண்ணீர்ச் சூடு ஏறிக்கொண்டே போனாலோ விலையைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. இவை எதுவும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது.

இன்வெர்ட்டருக்கு

கடைகளில் உள்ள 850 வி.ஏ. இன்வெர்ட்டருக்கு 1000 வாட் ராடு அதிகம். இரண்டு 1000 வாட் ராடுகளைத் தொடராக, அதாவது சீரியலில் இணைத்தால் மொத்தம் 500 வாட் லோடு கிடைக்கும். 100 வாட் குண்டு பல்பு நான்கும் போடலாம். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். குளிர்ந்த இழை ஒரு கணம் பத்து மடங்குக்கும் மேல் கரண்ட் இழுப்பதால், நல்ல இன்வெர்ட்டரும் டிரிப் ஆகலாம். இஸ்திரிப் பெட்டி உதவாது. சூடானதும் தானே அணைந்துவிடும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 400 வாட் லோடு போட்டால் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். முழுதும் சார்ஜ் ஆன புதிய பேட்டரி 2 மணி நேரம் தாங்க வேண்டும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காவிட்டால் அந்தப் பேட்டரியில் பாதி போய்விட்டது என்று அறியலாம். பேட்டரியை மட்டும் தனியே பார்க்க, புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய 60 வாட் கார் ஹெட்லைட் பல்புகள் எட்டைப் பக்கவாட்டில் இணைத்தாலும் 40 ஆம்பியர் லோடு கிடைக்கும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

டம்மி லோடை ஜெனரேட்டரின் அவுட்புட்டில் நேரடியாகத்தான் இணைக்க வேண்டும், கடையின் ஈ.பி. ஒயரிங்கில் இணைக்கவே கூடாது. கரண்ட் பின்னோக்கி ஏறினால் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

மூன்று பேஸ் செட்டில் நியூட்ரலை இறுக்கமாக இணைத்த பிறகே லோடு போட வேண்டும். நியூட்ரல் விட்டுப்போய் லோடு ஏற்றத்தாழ்வாக இருந்தால், ஒரு பேஸில் வோல்ட் எகிறிப் பொருள்கள் எரிந்துவிடும்.

மூன்று அண்டாக்களுக்கும் செட்டின் பாடிக்கும் எர்த் தேவை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள், செட்டின் நியூட்ரலையும் எர்த் செய்திருந்தால்தான் அது வேலை செய்யும். சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரைத் தொடுவதோ கலக்குவதோ கூடாது. தண்ணீருக்கு வெளியே ராடைப் போட்டால் நொடிகளில் எரிந்துவிடும். சோதனையைத் திறந்த இடத்தில், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்ய வேண்டும்.

உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்புத் தகட்டை இறக்கி லோடு கொடுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். தண்ணீர் முழுவதிலும் மின்சாரம் பாயும், சூடு ஏற ஏற கரண்ட் கூடிக்கொண்டே போகும், வாயுவும் கிளம்பும். கடைத்தெருவில் அது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ராடு வெறும் சூட்டு லோடு, மோட்டார் அப்படியல்ல. ஃப்ரீசர் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எனவே ராடு சோதனையில் தேறிய செட்டில், நம் கடையிலேயே பெரிய மோட்டாரையும் ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிட வேண்டும்.

12 ராடு, மூன்று பலகை, ஒயர் எல்லாம் சேர்த்து ஒருவரே வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு தெரு வணிகர்கள் சேர்ந்து ஒரு செட் வைத்துக்கொண்டால் ஆளுக்கு அற்பச் செலவுதான். விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம். மறுத்தால் அந்தப் பதிலையே சோதனை முடிவாக எடுத்துக்கொள்வோம்.