மோட்டார் வண்டியின் உஷ்ண உணர்கருவியும் அதன் இணைப்பும்

கோடை விடுமுறையில் டில்லியிலிருந்தோ நாகபுரியிலிருந்தோ சொந்த மோட்டார் வண்டியிலேயே தமிழகம் வரும் அன்பர்கள் பலர். காஷ்மீரத்துச் சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவர்களுக்குப் பழகிய பாதை. புறப்படுமுன் டயர்களைப் பார்க்கிறோம், எண்ணெயைப் பார்க்கிறோம், ரேடியேட்டரில் நீர் நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்கிறோம். ஆனால் அந்த நீரின் உஷ்ணத்தை அறிந்து சொல்லும் சிறு கருவியையும், அதன் தலையில் மாட்டியுள்ள பிளாஸ்டிக் இணைப்பையும் கவனிப்போர் அரியர். அந்த இணைப்பின் பழுது ஒரு குடும்பத்தையே நடுவழியில் நிறுத்திவிடக் கூடும். ஆதலின் அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

சந்தையில் சென்சார் என வழங்கும் இக்கருவியினுள் தெர்மிஸ்டர் என்னும் ஒரு சிறு பொருள் இருக்கிறது. உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகக் காணப்படும் ஒரு வகையில், 20 டிகிரி சென்டிகிரேடில் தடை சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் சுமார் 320 ஓம். 100 டிகிரியில் சுமார் 185 ஓம். வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான தடையின் வழியே அனுப்பி, சென்சாரின் இரு முனைகளுக்கிடையே நிற்கும் அழுத்தத்தை அளந்து உஷ்ணத்தைக் கணிக்கிறது. எவ்வளவு எரிபொருள் செலுத்துவது, விசிறியை எப்போது ஓட்டுவது என்பனவற்றை அக்கணக்கைக் கொண்டே முடிவு செய்கிறது.

இப்பொழுது இணைப்பின் உள்ளே பாசி பிடித்து 100 ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீர் உண்மையில் 100 டிகிரியில் இருக்கும்போது பெட்டி காண்பது 285 ஓம். அதற்கு அது கொள்ளும் பொருள் சுமார் 85 டிகிரி என்பதே. விசிறி ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது. ஓட்டுநரும் ஒன்றும் அறியார். இயந்திரத்தின் ஹெட் கேஸ்கட் எரிந்த பின்னரே உண்மை வெளிப்படும். இணைப்பு முற்றிலும் அறுந்துவிட்டாலோ, பெட்டி அதைக் கடுங்குளிர் என எண்ணக் கூடும். ஆயினும் பல வண்டிகளில் அப்போது எச்சரிக்கை விளக்கு எரியும். ஆகவே முழுதாக அறுந்த இணைப்பினும், பாதி பழுதான இணைப்பே அதிக அபாயமுடையது.

நமக்கே நேர்ந்த அனுபவம் ஒன்றுண்டு. பட்டறையில் சொன்னபடி இருமுறை சென்சாரை மாற்றினோம். குறை தீரவில்லை. மூன்றாம் முறை இணைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, ஒரு தகடு தளர்ந்து பச்சை பூத்திருந்தது. சென்சார்கள் இரண்டும் குற்றமற்றவை!

சரியான இணைப்பைத் தேடுவோர் ஐந்து அடையாளங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். முதலாவது, முனைகள் எத்தனை. இரண்டாவது, முனை தட்டையா உருண்டையா, அகலம் எவ்வளவு. பழைய ஐரோப்பிய முறை இணைப்புகளில் 2.8 மில்லிமீட்டர் தகடு பெரிதும் காணப்படும். மூன்றாவது, தவறாக மாட்டாதபடி தடுக்கும் பள்ளமும் மேடும் எப்பக்கம் உள்ளன என்பது. நான்காவது, பூட்டு எவ்வகை. ஐந்தாவது, நீர் புகாமற்காக்கும் ரப்பர் வளையம் உண்டா என்பது. நிறம் ஒன்றையே நம்பி வாங்குதல் தவறு. சென்சாரின் மேல் பொறித்த எண்ணை எழுதிக்கொள்வதும் பழைய இணைப்பையே கையில் எடுத்துச் செல்வதும் சாலச் சிறந்தன.

கடைகளில் இதற்கு வழங்கும் பெயர் கப்ளர். டில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. ரோடு ஆகியன மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்பெற்றவை. அங்குள்ள மொழி நன்கு வராதவரும் கப்ளர் என்று சொல்லி மாதிரியைக் காட்டினால் போதும். கம்பியுடன் கூடியதையே கேளுங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்ததாயின், சுமார் 15 சென்டிமீட்டர் கம்பியாவது ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நொறுங்குகிறதா என்றும் பூட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

பொருத்துமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். இரு கம்பிகளையும் ஒரே இடத்தில் வெட்டாமல், சற்று முன்பின்னாக வெட்டி, நிறத்துக்கு நிறம் சேருங்கள். உரிய கருவியால் நெருக்கிச் சேர்த்து, வெப்பத்தால் சுருங்கும் குழாயை மேலே ஏற்றுங்கள். வெறுமனே முறுக்கி நாடா சுற்றுவது நில்லாது. சில பழைய வண்டிகளில் ஒற்றைக் கம்பிச் சென்சார் இருக்கும். அதற்கு இயந்திரத்தின் உடலே மறு இணைப்பு. அதன் மரையில் தடித்த நாடாவைச் சுற்றினால் மின்னோட்டம் தடைப்படும்.

முடிவாக ஒரு சோதனை. இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் சோதனைக் கருவி காட்டும் நீரின் உஷ்ணம் வெளிக்காற்றின் உஷ்ணத்தை ஒட்டி இருக்க வேண்டும். பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டுக் கம்பியை, விசிறியில் கை படாதபடி, மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் இணைப்பு இன்னும் சரியில்லை. வழியில் இயந்திரம் கொதித்துவிட்டாலோ வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். சில ரூபாய்ப் பொருளில் காட்டும் சிரத்தை, ஊரில் வழிபார்த்திருக்கும் பெற்றோரிடம் நம்மைக் குறித்த நாளில் கொண்டு சேர்க்கும்.