கிணற்றடிக் கமுகு: விதையிலிருந்து மீண்டும் தொடங்குதல்

யுத்தம் முடிந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள், பளை, முகமாலைப் பகுதிகளில் தலையில்லாமல் நின்ற பனைகளையும் தென்னைகளையும் மறந்திருக்கமாட்டார்கள். ஷெல்லடியில் வட்டுப் போன மரங்கள் அவை. பக்கத்தில் முறிந்து கிடந்த பூவரசும் வேம்பும் அடியிலிருந்து துளிர்த்தன. பனையும் தென்னையும் துளிர்க்கவில்லை.

இதற்குக் காரணம் எளிமையானது. பூவரசு, முருங்கை போன்ற மரங்களின் தண்டில் உறங்கும் மொட்டுகள் பல உண்டு. ஒன்று போனால் இன்னொன்று விழிக்கும். பனை, தென்னை, கமுகு ஆகியவற்றுக்கு உச்சியில் உள்ள குருத்து ஒன்றுதான் உயிர். அது போனால் மரம் போய்விடும். வெட்டி நட்டாலும் வராது, பக்கக் கன்றும் வெடிக்காது. இழந்த மரத்துக்குப் பதில் இன்னொன்று வேண்டுமென்றால் விதையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்த மூன்றிலும் சிறு வளவுக்கு மிகவும் ஏற்றது கமுகு. ஒல்லியான தண்டு, சிறிய வட்டு. சிறிது இடமே போதும். எங்கள் ஊர்களில் அது நின்ற இடம் பெரும்பாலும் கிணற்றடி. குளிக்கும் தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் கமுகுக்கும் போகும். யாரும் அதற்கென்று தனியாகத் தண்ணீர் விட்டதில்லை. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் மரமும் இருந்தது.

ஆட்கள் போனபோது அதுவும் போனது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்குப் பிறகே தங்கள் காணியை மிதித்தார்கள். பனை யாரும் பார்க்காவிட்டாலும் நிற்கும். கமுகு அப்படியல்ல. தை மாதத்தோடு மழை ஓய்ந்தால் அடுத்த மாரி வரையான வறட்சியை, இறைப்பு இல்லாமல் அது தாங்குவது கடினம். பல வளவுகளில் கமுகைக் கொன்றது ஷெல் அல்ல, தாகம்.

மீண்டும் வளர்ப்பது எப்படி?

முதலில் தாய்மரம். ஒவ்வொரு ஆண்டும் ஒழுங்காகக் காய்க்கும் நடுவயது மரமாக இருக்கவேண்டும். நன்றாகப் பழுத்து செம்மஞ்சள் நிறமான பழங்களை எடுங்கள். அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால், காம்புப் பக்கம் மேலே இருக்க நிமிர்ந்து மிதப்பவையே வீரியமான கன்று தரும். தோலை உரிக்கவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். காய்ந்த விதை முளைக்கும் திறனை இழந்துவிடும். பறித்த சில நாட்களுக்குள் நட்டுவிடவேண்டும்.

நிழலான இடத்தில் மணற்பாத்தி அமைத்து, இரண்டு அங்குல இடைவெளியில், காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி பழங்களை வைத்து மணலால் மூடுங்கள். பாத்தி காயக்கூடாது. முளை தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். சிலவற்றுக்கு மூன்று மாதமும் எடுக்கும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்கவேண்டாம்.

இரண்டு மூன்று இலை வந்ததும் பொலித்தீன் பைக்கு மாற்றலாம். மேல்மண் 7 பங்கு, மாட்டெரு 3 பங்கு, மணல் 2 பங்கு என்ற கலவை நல்லது. பையின் அடியில் துளை இருக்கவேண்டும். மேலே கிடுகால் சிறு பந்தல் போடுங்கள்.

ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்தில், ஐந்து இலைக்கு மேல் வந்த கன்றுகளை நிலத்தில் நடலாம். உயர்ந்து மெலிந்த கன்றைவிட, கட்டையாக நின்று இலை அதிகமுள்ள கன்றே சிறந்தது. மாரி மழை தொடங்கும் நேரம் நடுவது நல்லது. மரத்துக்கு மரம் ஒன்பது அடி விடுங்கள். கமுகுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கும் தண்ணீர் ஆகாது. பிற்பகல் வெயில் இளந்தண்டைச் சுடும் என்பதால் தென்மேற்குப் பக்கத்தில் வாழை வையுங்கள்.

மீள்குடியேறிய காணியில் கிடங்கு வெட்டும்போது சந்தேகமான பொருள் எதுவும் தென்பட்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு உடனே அறிவியுங்கள்.

கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவையாவது தண்ணீர் விடவேண்டும். புதிய வீடுகள் பலவற்றில் கிணற்றடிக் குளியல் இல்லை. குளியலறைத் தண்ணீர் குழாயால் குழிக்குள் போய்விடுகிறது. அந்தக் குழாயைக் கமுகின் பக்கம் திருப்பிவிட்டால் பழைய வாய்க்காலின் வேலை நடக்கும்.

காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். உதிரும் ஒவ்வொரு ஓலையும் தண்டில் ஒரு வளையத்தை விட்டுச் செல்லும். மாமரம்போலக் கமுகின் தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. தண்ணீர் இல்லாத காலத்தில் உருவான பகுதி ஒடுங்கியே இருக்கும், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தடிக்காது. தப்பிப் பிழைத்த பழைய கமுகு உங்கள் ஊரில் நின்றால் அண்ணாந்து பாருங்கள். நீங்கள் இல்லாத ஆண்டுகள் அதில் ஒடுக்கமாகத் தெரியக்கூடும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பாக்கு மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் உறுதிப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் ஆபத்து உண்டு. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஆகவே மெல்லுவதற்காக நடவேண்டாம். கலியாணத்துக்குக் கமுகம்பூ, தாம்பூலத் தட்டுக்குப் பாக்கு, வேலிக்குச் சிலாகை என்று அதற்கு வேறு தேவைகள் உண்டு.

பயிற்றை மூன்று மாதத்தில் பலன் தரும். நாளை எழும்பவேண்டி வந்தாலும் நட்டம் பெரிதல்ல. கமுகு அப்படியல்ல. காணி உறுதி இல்லாதவர்களும், இன்னும் உறவினர் வளவில் இருப்பவர்களும் அதை நடத் தயங்குவது நியாயமானதே. அவர்கள் பையிலாவது ஒரு கன்றை வளர்க்கலாம். நிலத்தில் நட ஒன்றரை வருடம் வரை அது காத்திருக்கும். அதற்குள் காணிப் பிரச்சினைக்குத் தீர்வு தரவேண்டியவர்கள் நாங்கள் அல்ல.