குப்பிக்குள் குடம்புளி

மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டு அடுக்களையில் ஒரு பீங்கான் ஜாடி உண்டு. மூடியைத் திறந்தால் புகைவாடை குப்பென்று வரும். உள்ளே கன்னங்கரேலென்று சுருண்டு கிடப்பது குடம்புளி. மீன் குழம்புக்கு இரண்டு சுளையைக் கழுவி வெந்நீரில் போட்டு, ஊறியதும் தண்ணீரோடு சட்டியில் சேர்ப்பார். போன முறை போனபோது அந்த ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி. அக்கா மகள் ஆன்லைனில் வாங்கியது. முன்பக்கம் குட்டிப் பூசணி மாதிரி ஒரு பழத்தின் படம், ‘இயற்கை’ என்று பச்சை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கார்சீனியா கம்போஜியா, 60% எச்.சி.ஏ.’

“மாமா, இதுவும் அந்தப் புளிதானே? குழம்புல போட்டா ஒண்ணும் ஆகலை. மாத்திரையா முழுங்கினா என்ன ஆயிடப்போகுது?”

புளி அதேதான். அந்தப் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று 1965இல் எழுதியவர்கள் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் லூயிஸும் நீலகண்டனும். அதுதான் குப்பியில் உள்ள எச்.சி.ஏ. எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலத்துக்கு இது தம்பி முறை. சாயல் அதே, ஒரு ஹைட்ராக்சில் மட்டும் கூடுதல்.

அந்தச் சாயலில்தான் வியாபாரமே. சாப்பிட்டது மிஞ்சினால் உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும். அந்த வழியில் சிட்ரேட்டை வெட்டித் துண்டாக்க ஒரு நொதி உண்டு. அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் தம்பி போய் உட்கார்ந்துகொண்டால் வெட்டும் வேலை நின்றுபோகும். சோதனைக்கூடத்தில் எலிகளுக்குக் கொழுப்பு உருவாவது குறையவும் செய்தது. ஆனால் நம் உடம்பில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு எண்ணெயாகவும் நெய்யாகவும் தட்டிலிருந்தே நேராக வருவது. மாவிலிருந்து புதிதாகத் தயாராவது கொஞ்சம்தான். சின்ன வாய்க்காலை அடைத்தால் ஏரி வற்றுமா?

1998இல் நியூயார்க்கில் அதைப் பார்த்துவிட்டார்கள். பருமனான 135 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரி உணவுக் கட்டுப்பாடு. பாதிப் பேருக்குத் தினம் 1500 மில்லிகிராம் எச்.சி.ஏ., மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. புளி மாத்திரைக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! இந்த இடைவெளி தற்செயலாக வரக்கூடியதுதான் என்றது புள்ளியியல் கணக்கு. இளைக்கவைத்தது உணவுக் கட்டுப்பாடு. அதன் பிறகும் விற்பனை ஓயவில்லை. 2012 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சி டாக்டர் மெஹ்மெட் ஓஸ் இதை வானளாவப் புகழ்ந்தார். 2014இல் செனட் குழு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டது.

பலன் இல்லாவிட்டால் காசோடு போயிற்று என்று விடலாம். கல்லீரல்தான் விஷயம். ஹைட்ராக்சிகட் என்ற இளைப்பு மாத்திரையை நிறுத்தும்படி 2009 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கையில் இருந்தவை 23 கல்லீரல் பாதிப்புப் புகார்கள், அவற்றில் ஒரு சாவு. அந்தக் கலவையில் இந்த அமிலமும் இருந்தது. கூடவே வேறு பல சரக்குகள் இருந்ததால் குற்றவாளி எது என்று அப்போது அறுதியிட முடியவில்லை. பிற்பாடு கார்சீனியா மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களை ஆராய்ந்தபோது, எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை அவர்களிடம் அதிகம் தென்பட்டது. யாரிடம் அது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிரீன் டீ கதையும் இதே ஜாதி. கோப்பையில் குடித்தால் பயமில்லை. அதன் சத்தை வடித்தெடுத்து நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. என்ற அந்தச் சத்து உள்ளே போகும்படி மாத்திரையாக்கினால், சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது.

இதெல்லாம் லேபிளில் அச்சடித்திருப்பதைப் பற்றி. எனக்கு அதிகப் பயம் அச்சடிக்காதவற்றின் மேல். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கலப்படம் கண்டுபிடித்த இளைப்பு மாத்திரைகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் சிபுட்ரமின் இருந்தது. பசியை அடக்கும், கூடவே ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும் மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2010இல் அங்கே சந்தையிலிருந்து எடுத்தார்கள், 2011இல் இந்தியாவிலும் தடை. கடையை விட்டுத் துரத்தியது மூலிகை வேஷம் கட்டி வந்துவிட்டது. சில மூலிகை மாத்திரைகள் ஒரே வாரத்தில் ‘நல்லா கேக்குது’ என்று பேரெடுப்பதன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

அந்தக் கலப்படப் பட்டியலில் அடுத்தது ஃபீனால்ப்தலீன். பிளஸ் டூ வேதியியல் லேபில் குடுவையில் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு எப்போது வரும் என்று பியூரெட்டைப் பிடித்தபடி காத்திருப்போமே, அதேதான். ஒரு காலத்தில் பேதி மருந்து. விலங்குச் சோதனையில் புற்றுநோய் தென்பட்டதால் கைவிட்டார்கள். வயிற்றைக் கழுவினால் எடை மெஷினில் முள் இறங்கும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

டாக்டர் சீட்டில்லாமல் வாங்குகிற மாத்திரை எல்லாமே மோசடி இல்லை. அமெரிக்காவில் 2007இல் 60 மில்லிகிராம் ஆர்லிஸ்டாட்டை அப்படி விற்க அனுமதித்தார்கள். சாப்பாட்டுக் கொழுப்பில் கால்வாசியைச் செரிக்கவிடாமல் வெளியே அனுப்பிவிடும். எண்ணெயாகவே, சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆரம்ப நாட்களில் கறுப்பு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே யோசனை சொன்னது. குறைவது சில கிலோ. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே நழுவுவதால் படுக்கப்போகும்போது தனியாக ஒரு வைட்டமின் மாத்திரை வேறு.

மருமகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு, குப்பியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“போன வாரம்தான் போனேன் மாமா. வேற என்ன மாத்திரை சாப்பிடுறேன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டேன்.”