முப்பத்தைந்து அறைகளும் ஓர் ஆசானும்

சாப்பாட்டு வேளை. ஷாவ்லின் மடத்தின் இளந்துறவிகள் கூடத்தை நோக்கி ஓடுகிறார்கள். வழியில் ஒரு நீர்த்தொட்டி; அதில் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். பழகியவர்கள் அதன்மேல் ஒரு மிதி மிதித்து அக்கரைக்குத் தாவிவிடுகிறார்கள். புதிதாக வந்தவன் கால் வைத்ததும் கட்டையும் அமிழ்கிறது, அவனும் அமிழ்கிறான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவன் தனியாக வந்து, விழுந்து விழுந்து எழுகிறான். உடம்பை எப்படி லேசாக்குவது என்று அவனுக்குப் பிடிபடும் வரை கேமராவும் அவனோடு காத்திருக்கிறது.

இதுதான் மடத்தின் முதல் பாடம். 1978இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ படத்தில் இப்படி அறை அறையாகப் பாடம் நடக்கிறது. கைகளை விரித்து வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி கத்தி கட்டியிருக்கும். நுனியில் கனம் கட்டிய நீண்ட மூங்கிலைப் பிடித்து மணி அடிக்க வேண்டும். முகத்தின் இருபுறமும் ஊதுவத்தி புகைய, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் விளக்கைத் தொடர வேண்டும். தொங்கும் மணல்மூட்டைகளைத் தலையால் முட்ட வேண்டும். மற்ற படங்களில் இரண்டு நிமிடப் பாட்டில் முடிந்துபோகிற பயிற்சி, இங்கே படத்தின் நடுப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குப் பழிவாங்கத்தான் அவன் மடத்துக்கு வந்தான். ஆனால் பாடம் நடக்க நடக்கப் பார்ப்பவருக்குப் பழி மறந்துவிடுகிறது. அடுத்த அறையில் என்ன இருக்கும் என்பதே கவலையாகிவிடுகிறது.

அந்த மொட்டைத் தலைத் துறவி சான் தேயாக நடித்தவர் கோர்டன் லியு. இயக்கியவர் லாவ் கார் லியுங். குங்ஃபூ படம் என்றதும் புரூஸ் லீயோடும் ஜாக்கி சானோடும் நின்றுவிடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்கள் இவை. புரூஸ் லீ மின்னல்; அவரைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அவர் திரையில் தோன்றும்போதே எல்லாம் கற்று முடித்தவர். ஓர் உடம்பு வித்தையை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைக் கதையாக்கியவர் லாவ் கார் லியுங்.

அதற்குக் காரணம் அவர் பிறந்த வீடு. ஷாவ்லின் என்றதும் நமக்குப் போதிதருமர் நினைவு வரும். காஞ்சியிலிருந்து போனவர் அங்கே சண்டைக்கலை சொல்லிக்கொடுத்தார் என்ற கதை மிகவும் பிற்காலத்தது, ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. லாவின் குருபரம்பரையை அப்படித் தேட வேண்டியதில்லை, பெயர் பெயராகச் சொல்லிவிடலாம். கான்டன் பகுதியின் புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபெய் ஹுங். அவருடைய மாணவர், கசாப்புக் கடைக்காரரான லாம் சாய் விங். அவருடைய மாணவர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் நம் இயக்குநர். ஹுங் கார் என்ற தென்சீன முறை அந்த வீட்டில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. கோர்டன் லியுவையும் லாவ் சாம்தான் வளர்ப்பு மகனாக ஏற்று, அந்தக் குடும்பப் பெயரைக் கொடுத்தார். 1976இல் ‘சேலஞ்ச் ஆஃப் தி மாஸ்டர்ஸ்’ படத்தில் இளம் வோங் ஃபெய் ஹுங்காக கோர்டன் நடித்தபோது, தங்கள் ஆசானின் ஆசானுக்கு ஆசானைத்தான் இருவரும் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஷா நிறுவனத்தின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. ஷாங்காயில் தொடங்கி, சிங்கப்பூரில் காலூன்றி, 1961இல் ஹாங்காங்கின் கிளியர்வாட்டர் பேயில் பெரிய ஸ்டுடியோ திறந்தவர்கள். சிங்கப்பூரில் அவர்கள் எடுத்த மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணனும் ஒருவர், பி. ராம்லியைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) அவர் படம்.

லாவ் முதலில் அந்த ஹாங்காங் ஸ்டுடியோவின் சண்டைப் பயிற்சியாளர். சாங் சே இயக்கிய ‘ஒன் ஆர்ம்டு சுவார்ட்ஸ்மேன்’ (1967) முதலான படங்களுக்குச் சண்டை அமைத்தவர்களில் ஒருவர். சாங் சேயின் நாயகர்கள் குடல் சரிந்தும் நின்று போரிட்டு மடிவார்கள். அந்த ரத்தத்துக்கும் ரசிகர்கள் உண்டு, நானும் ரசித்தவன்தான். ஆனால் 1975இல் தானே இயக்குநரானதும் லாவ் வேறு பக்கம் திரும்பினார். அவர் சண்டைகளில் தலை முதல் கால் வரை முழு உடம்பும் தெரியும். படத்தொகுப்பில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் பல அடிகள் போய்வரும். காலடி பிசகினால் சிலம்ப வாத்தியார் கண்டுபிடித்துவிடுவதுபோல, அந்தக் கேமராவின் முன் பழகாத உடம்பு உடனே அகப்பட்டுவிடும்.

அடிப்பதைவிட மரியாதையைத்தான் அவர் அதிகம் கவனித்தார். ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ (1978) எனக்கு மிகவும் பிடித்தது. சீனக் கணவன், ஜப்பானிய மனைவி. யார் நாட்டு வித்தை உயர்ந்தது என்று வீட்டுக்குள் தொடங்கும் வாக்குவாதம், ஜப்பானிலிருந்து ஆசான்கள் வரிசையாக வந்து இறங்கும் அளவுக்குப் போகிறது. வாள், ஈட்டி, கராத்தே, கடைசியில் நிஞ்சாவாக யாசுவாகி குராட்டா. ஒருவர்கூடச் சாவதில்லை. தோற்றவர் மரியாதையாக நீட்டும் வாளை, அந்த வழக்கம் தெரியாமல் கணவன் வாங்காமல் விடுகிறான். அது அவமதிப்பாகப் போய்விடுகிறது. ஜப்பானியர்களை வில்லன்களாகவே காட்டிய ஹாங்காங் படங்களின் நடுவே, அவர்களையும் மதிப்புக்குரிய வித்தைக்காரர்களாக நிறுத்த ஒரு மனசு வேண்டும். குடிகார ஆசானாக லாவே ஒரு காட்சியில் வருகிறார். அவரை வம்புக்கு இழுத்துச் சண்டையிடவைத்து, ஒதுங்கி நின்று பார்த்தே நாயகன் அந்த முறையைப் படித்துக்கொள்கிறான்.

‘மார்ஷியல் கிளப்’ (1981) தொடக்கத்தில் சிங்க நடனத்தின் விதிகளை லாவே நமக்கு எடுத்துச் சொல்கிறார். முடிவில் கோர்டனும் வாங் லுங் வெய்யும் ஒரு சந்தில் மோதுகிறார்கள். போகப் போகச் சந்து குறுகுகிறது. வீச இடமில்லாதபோது கை எப்படி மடங்கும், கால் எங்கே ஊன்றும் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. சண்டை முடிவில் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்புதான் மிஞ்சுகிறது. நான் பார்த்த திரைச் சண்டைகளில் இதற்கு மேல் ஒன்றை வைக்க மாட்டேன்.

லாவிடம் இருட்டும் இருந்தது. ‘எய்ட் டயக்ராம் போல் ஃபைட்டர்’ (1984) படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1983 ஜூலையில், அதன் நாயகர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஃபு ஷெங் கார் விபத்தில் இறந்தார். வயது 28. கதையை மாற்றி எழுதிப் படத்தை முடித்தார்கள். தந்தையையும் சகோதரர்களையும் போரில் இழந்தவனாக வரும் கோர்டன், ஈட்டியின் முனையை வெட்டியெறிந்து கம்பாக்கிக்கொண்டு மடத்துக்குப் போகிறார். அங்கே துறவிகள் மர ஓநாய்களின் பல்லைக் கம்பால் பெயர்த்துப் பழகுகிறார்கள். கடைசிச் சண்டையில் பெயர்வது மனிதப் பற்கள். அத்தனை சீற்றத்தை லாவின் வேறெந்தப் படத்திலும் காண முடியாது. உண்மையான துக்கம் அதற்குள் இறங்கியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அந்தப் படத்தில் தங்கையாக வந்த காரா ஹுய்யைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. லாவ் அவருக்காகவே எடுத்ததுபோன்ற படம் ‘மை யங் ஆன்ட்டி’ (1981). வயதில் சின்னவள், உறவில் பெரியவள். வயதான மருமகன் அவளை மண்டியிட்டு வணங்க வேண்டியிருக்கிறது. உறவுமுறை பார்த்துப் பழகிய நமக்கு இந்தச் சிரிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது இதற்காக அவருக்குக் கிடைத்தது. ஒரு சண்டைப் படத்துக்கு!

எண்பதுகளின் நடுவில் ஷா நிறுவனம் தொலைக்காட்சிப் பக்கம் போனது. அந்தப் பட்டறை கலைந்தது. ஆனால் படங்கள் மறக்கப்படவில்லை. 1993இல் நியூயார்க்கின் வூ டாங் கிளான் ராப் குழு தங்கள் முதல் ஆல்பத்துக்கே 36 அறைகளின் பெயரை வைத்தது. குவென்டின் டாரன்டினோ ‘கில் பில்’லின் இரு பாகங்களிலும் கோர்டனுக்கு வெவ்வேறு வேடம் கொடுத்தார். 2009இல் அக்‌ஷய் குமாரின் ‘சாந்தினி சவுக் டு சைனா’வில் கோர்டன் வில்லனாக நம் நாட்டுத் திரைக்கும் வந்தார், அவர் யாரென்று இங்கே பலருக்குத் தெரியாமலேயே அந்தப் படம் போய்விட்டதில் எனக்குத் தீராத வருத்தம்.

லாவ் கார் லியுங் 2013இல் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2010 ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது. அதே விழாவில் சிறந்த நடிகை, ‘அட் தி எண்ட் ஆஃப் டேபிரேக்’ படத்துக்காக, காரா ஹுய். அதில் அவர் ஒரு சண்டைக்காரியே இல்லை. மகனுக்காகத் தவிக்கும் தாய். இந்த நடிகர்கள் எல்லாம் உதைக்க மட்டுமே தெரிந்தவர்கள் என்று யாராவது சொன்னால், நான் அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு 36 அறைகளுக்கு வரலாம். ஷா படங்கள் இப்போது நன்றாகச் செப்பனிடப்பட்டுக் கிடைக்கின்றன. பெரிய திரையில், முடிந்தால் சீன மொழி ஒலியோடு பாருங்கள். பயிற்சிக் காட்சிகளை மட்டும் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.